இரவல் காரை எடுக்குமுன் இன்சூரன்ஸை எப்படிப் பார்ப்பது?

மட்டக்களப்புப் பக்கம் சொந்தமாகக் கார் இல்லாத வீட்டிலும் கார் ஓடும். அத்தானுடையது, சித்தப்பாவுடையது, பக்கத்து வளவு அண்ணருடையது. அம்மாவைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக, கட்டுநாயக்காவில் ஆளை ஏற்ற, கலியாண வீட்டுக்குப் போக என்று திறப்பு கைமாறும். வாங்கும்போது "பெற்றோல் இருக்கா?" என்று கேட்போம்; இன்சூரன்ஸைக் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் அத்தானின் காரை எடுத்துக்கொண்டு போனேன். களுவாஞ்சிகுடியில் ரிவர்ஸ் எடுக்கும்போது நின்ற ஆட்டோவில் இடித்துவிட்டேன். இதையெல்லாம் அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

அடிப்படை இதுதான்: இங்கே காப்புறுதி வாகனத்துக்கு எடுப்பது. உங்கள் வீட்டு வேனுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கட்டியிருந்தாலும் அது அத்தானின் காருக்கு உதவாது. அவருடைய பொலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

படி 1: என்ன இன்சூரன்ஸ், எதுவரை?

காப்புறுதிச் சான்றிதழை அல்லது அட்டையை வாங்கிப் பாருங்கள். வாகன இலக்கம் சரியா, முடிவுத் திகதி எது, மூன்றாம் தரப்பா முழுக் காப்புறுதியா என்று மூன்று விஷயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆனால் அது நீங்கள் இடித்த ஆளுக்கும், பொலிசியில் எழுதிய எல்லை வரை அவருடைய பொருளுக்கும்தான். நீங்கள் ஓட்டிப்போன காரின் பம்பருக்கு அதில் ஒரு சதமும் வராது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரி அனுமதிப்பத்திரத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதன் திகதியும் காப்புறுதித் திகதியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை.

படி 2: நீங்கள் ஓட்டலாமா?

பெரும்பாலான பொலிசிகளில், உரிமையாளரின் சம்மதத்தோடு, அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியான லைசன்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்றிருக்கும். இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'அந்த வகை'. ஆட்டோவுக்கு மட்டும் எடுத்த லைசன்ஸை வைத்துக் கார் ஓட்டினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் பார்ப்பார்கள். காலாவதியானதும் அப்படியே. சம்மதத்தை ஒரு வட்ஸ்அப் செய்தியாக வாங்கி வைப்பது நல்லது. சொந்தத்துக்குள் இதெல்லாம் என்ன என்று கூச்சப்படவேண்டாம், "அத்தான், நாளைக்குக் காரை எடுக்கிறன்" என்ற ஒரு வரி போதும்.

கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் நம் ஆட்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே இருபது வருடம் ஓட்டியிருக்கலாம். அந்த லைசன்ஸை மட்டும் வைத்து இங்கே ஓட்டமுடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும், அல்லது சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கே முறைப்படி அங்கீகரிக்கச் செய்யவேண்டும். வந்த களைப்போடு மச்சானின் காரை எடுத்துக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

படி 3: எதற்காக எடுக்கிறீர்கள்?

சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரில் காசுக்கு ஹயர் ஓடினால், நட்ட ஈடு கேட்கும் கிளைமைக் கம்பனி மறுக்கலாம். குடித்துவிட்டு ஓட்டினால் பேச்சுக்கே இடமில்லை. மார்கழி வெள்ளத்துக்குள் இறக்குவதாக இருந்தால், வெள்ளச் சேதம் பொலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பலரும் அதைத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

படி 4: காசுப் பேச்சை முதலே பேசுங்கள்

ஃபுல் இன்சூரன்ஸ் என்றாலும் கிளைமில் ஒரு பகுதியை உரிமையாளர் தன் கையால் போடவேண்டி வரலாம். அதை எக்ஸஸ் என்பார்கள். கிளைம் எடுத்தால் அடுத்த வருட நோ கிளைம் போனஸும் (கிளைம் எடுக்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் கழிவு) குறையலாம் அல்லது இல்லாமல் போகலாம். இரண்டும் கார் தந்தவரின் தலையில்தான் விழும். "ஏதும் நடந்தால் அந்தக் காசை நான் தருவன்" என்று திறப்பு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால், மூன்று மாதம் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மனம் கனத்தது.

படி 5: இடித்துவிட்டால்

யாருக்காவது காயம் என்றால் முதலில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள், பிறகு பொலிஸ் 119. அடுத்து உரிமையாளருக்கும், அட்டையில் உள்ள காப்புறுதிக் கம்பனி இலக்கத்துக்கும் அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். படங்கள் எடுங்கள். கம்பனி ஆளோ பொலிஸோ சொல்லும்வரை காரை நகர்த்தாமல் இருப்பது நல்லது. கூட்டம் கூடி "காசைக் குடுத்து முடியுங்க" என்பார்கள். கம்பனியைக் கேட்காமல் காசு தருவதாக வாக்குக் கொடுத்தால் பின்னால் கிளைமில் சிக்கல் வரும்.

இன்னொன்றும் நடக்கும். எனக்கும் நடந்தது. "கார்க்காரர்தான் ஓட்டினவர் எண்டு சொல்லுங்க, லேசா முடியும்" என்று ஒருவர் காதில் சொன்னார். செய்யாதீர்கள். பொய் பிடிபட்டால் கிளைம் போகும், வழக்கும் வரலாம். உங்களுக்காகப் பொய் சொன்ன அத்தானும் அதில் மாட்டுவார். யார் ஓட்டியதோ அவருடைய பெயர், அவருடைய லைசன்ஸ், அவருடைய வாக்குமூலம்.

நான் உள்ளதைச் சொன்னேன். காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்து என் லைசன்ஸைப் படம் எடுத்தார், அத்தானிடம் போனில் சம்மதம் கேட்டார், ஆட்டோக்காரத் தம்பியின் விபரத்தை எழுதினார். அன்றைக்கே காரைக் கராஜில் விட்டோம்.