கோ, நோ-கோ கேஜை நாமே கடையும்போது சறுக்கும் இடங்கள்

நூறு பீஸில் ஒரே அளவுத் துளை என்றால் ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருக்கக் கட்டுப்படியாகாது. ஒரு கம்பியின் ஒரு முனையில் துளையின் குறைந்தபட்ச அளவில் கோ, மறுமுனையில் அதிகபட்ச அளவில் நோ-கோ கடைந்து வைத்துக்கொண்டால் போதும், அதுதான் கேஜ். கோ உள்ளே போக வேண்டும், நோ-கோ போகக் கூடாது. துளை 25.00 முதல் 25.10 மி.மீ. வரை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

பலர் கோட்டை விடுவது கேஜையே வெர்னியரால் அளந்து முடிப்பதில்தான். ஜாபின் டாலரன்ஸில் (அளவு கூடக்குறைய இருக்கலாம் என்று விடும் இடைவெளி) பத்தில் ஒரு பங்குக்குள் கேஜ் அமைய வேண்டும் என்பது வழக்கம். இங்கே அது 0.01 மி.மீ. சாதாரண வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02. ஆகவே மைக்ரோமீட்டர்தான். டிராயிங்கில் 25 எச்7 என்று (துளைக்கான டாலரன்ஸ் குறியீடு) இருந்தால் மொத்த டாலரன்ஸே 0.021, கேஜுக்கு மிஞ்சுவது 2 மைக்ரான், அதாவது 0.002 மி.மீ. அதை லேத்தில் எமரி தாள் போட்டுப் பிடிக்கிறேன் என்பது வீண் பிடிவாதம். வாங்கிவிடுங்கள்.

அப்புறம், மிச்சமிருக்கும் அந்த 0.01-ஐ எந்தப் பக்கம் விடுவது? கோ 25.00-க்குச் சற்று மேலே, நோ-கோ 25.10-க்குச் சற்றுக் கீழே. ஒன்றிரண்டு நல்ல பீஸ் ஒதுங்கலாம், கெட்டது தப்பாது. கோ தேயத்தேய மெலியும் என்பதற்கும் இதுவே இடம் கொடுக்கும். எல்லாத் துளையிலும் நுழைந்து வருவது கோ முனைதான். அதை அவ்வப்போது அளந்து பாருங்கள். ஐம்பது, நூறு பீஸுக்கு மைல்ட் ஸ்டீல் போதும். ஆண்டு முழுக்க ஓடும் வேலைக்கு ஹார்டன் பண்ணி, பிறகு கிரைண்ட் செய்ய வேண்டும். ஹார்டன் பண்ணும்போது அளவு மாறும் என்பதால் முன்பே முழு அளவுக்குக் கடைவது வீண்வேலை.

இரண்டு முனையையும் ஒரே நீளத்தில் கடைவது அடுத்த தவறு. கோ முனை துளையின் ஆழம் அளவுக்காவது நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் வளைந்த துளையிலும் நழுவிப் போய்விடும். நோ-கோ குட்டையாக இருக்கலாம். துளை முட்டை வடிவமாகியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் நோ-கோவின் இரு பக்கத்தையும் தட்டையாக அராவி, சுற்றிச் சுற்றி வைத்துப் பாருங்கள். நோ-கோ முழு வட்டமாக இருந்தால் துளையின் குறுகிய பக்கத்தில் தடுக்கி நின்றுவிடும், அகன்ற பக்கம் அளவு மீறியிருப்பது தெரியாது.

சூட்டோடு சோதிப்பவர்களும் உண்டு. 25 மி.மீ. துளையுள்ள அலுமினிய ஜாப் கேஜைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், துளை சுமார் 0.011 மி.மீ. பெரிதாகியிருக்கும். கோ சுலபமாகப் போகும், ஆறினால் கவ்விக்கொள்ளும். பிறகு சுத்தியலை எடுத்தால் கேஜும் போச்சு, ஜாபும் போச்சு.

மறுபக்கம் திறக்காத அடைப்புத் துளைக்கு என்றால் கோவின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு சிறு காடி வெட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய காற்று கேஜைத் தள்ளும், நல்ல துளையையும் சிறிது என்று ஒதுக்கிவிடுவீர்கள். அளவு எண்ணைப் பஞ்ச் செய்வது கைப்பிடியில் மட்டும். நோ-கோ பக்கம் ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு.