மாண்டரின் மீன் வேண்டுமா? முதலில் அதன் சாப்பாட்டை வளருங்கள்

உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சும் நெளிந்தோடும் மாண்டரின் எனும் கடல் மீனைக் கடையில் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இது பெரும்பாலும் நோயால் சாவதில்லை, பட்டினியால்தான் சாகிறது. வாய் ரொம்பச் சின்னது. மற்ற மீன்களோடு முண்டியடித்துத் தின்னத் தெரியாது, பாறைமேல் மெதுவாக நகர்ந்து கோப்பிபாட் எனும் பொடி உயிர்களை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். பெல்லட் (உருண்டைத் தீனி) போட்டால் பல மாண்டரின்கள் திரும்பிக்கூடப் பார்க்காது.

அதனால் மீன் கடைசியில்தான். குறைந்தது 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, நிறைய லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை), தொட்டி ஓட ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பிறகு பாட்டிலில் விற்கும் கோப்பிபாட்டை வாங்கி விடுங்கள். டிஸ்பி வகை கிடைத்தால் நல்லது, பாறை இடுக்கில் ஒளிந்து பெருகும். டிக்ரியோபஸ் வகை கொஞ்சம் பெரியது, வெளியே நீந்தித் திரிவதால் மற்ற மீன்கள் முதலில் அதைத்தான் காலி செய்யும். எதுவானாலும் இரவு விளக்கை அணைத்து, பம்பையும் நிறுத்திவிட்டு ஊற்றுங்கள். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த தனி வடிகட்டித் தொட்டி) ஒரு ஓரத்தில் கீட்டோ எனும் கடற்பாசி வளர்த்தால் மீன் எட்ட முடியாத இடத்தில் கோப்பிபாட்கள் பெருகிக்கொண்டே இருக்கும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்ந்தால் சரி, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகு குழிந்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உறைந்த மைசிஸை (இறால் போன்ற பொடி உயிர்) உங்கள் கண்முன்னே தின்று காட்டினால் கூடுதல் காசு கொடுக்கலாம், தொட்டியில் பிறந்து வளர்ந்த மாண்டரின் பெரும்பாலும் தின்னும். முதல் முதுகுத் துடுப்பில் நீண்ட முள் இருப்பது ஆண், இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டால் அடிதடிதான். சிக்ஸ்லைன் ராஸ் எனும் மீன் தொட்டியில் ஏற்கெனவே இருந்தால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள், அதுவும் இதே இரையைத்தான் நாள் முழுக்கத் தேடும்.

நீங்கள் கொடுக்கும் தீனிக்குப் பழக்குவதற்கு, வாய் குறுகிய சின்னக் கண்ணாடிப் புட்டியை மணலில் படுக்க வையுங்கள். பம்பை நிறுத்தி, ஏர் டியூப் வழியாக அன்றே முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்டீமியா எனும் பொடி இறால் குஞ்சுகளை அதற்குள் விடுங்கள். பழசு வேண்டாம், மஞ்சள்கரு தீர்ந்துவிட்டால் அதில் சத்து குறைந்துவிடும். பெரிய மீன்களால் புட்டிக்குள் நுழைய முடியாது, மாண்டரின் நிதானமாகப் போய்க் கொத்தும். ஒரு வாரம் போனதும் உருகிய மைசிஸைப் பொடியாக நறுக்கிக் கலந்து கொடுங்கள், தினம் இரண்டு மூன்று வேளை. தின்னப் பழகிவிட்டது என்று கோப்பிபாட் ஊற்றுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வயிறு லேசாக உள்வாங்கினாலும் அடுத்த கோப்பிபாட் பாட்டிலை அன்றே வாங்கிவிடுங்கள்.