நாயையோ பூனையையோ கொடுத்துவிட நினைக்கும் முன்: வீட்டில் நடக்கும் தவறுகள்

"இது வேண்டுமென்றே செய்கிறது" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. இதுவரை தன் மணல் தட்டை ஒழுங்காகப் பயன்படுத்திய பூனை திடீரென்று மெத்தையை நனைக்க ஆரம்பித்தால், அதில் பழிவாங்கல் எதுவும் இல்லை. சிறுநீர்ப்பை அழற்சி, கல், மூட்டுவலி என்று உடம்பில் ஏதாவது இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவர், அப்புறம்தான் மற்றதெல்லாம். அதிலும் ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அன்றைக்கே ஓட வேண்டும். அடைப்பு இரண்டொரு நாளில் உயிரையே எடுத்துவிடும்.

உடம்பில் கோளாறு இல்லையா? சரி, தட்டைப் பாருங்கள். 2 பூனை இருந்தால் 3 தட்டு வேண்டும். தினமும் கழிவை அள்ள வேண்டும். வாஷிங் மெஷின் திடீரென்று அலறும் மூலையில் வைத்தால் எந்தப் பூனையும் அந்தப் பக்கம் போகாது. நனைத்த இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைப்பதும் வேண்டாம். அதன் வாடை சிறுநீரை நினைவுபடுத்தி, பூனையை மறுபடி அங்கேயே வரவழைக்கும். சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் என்சைம் கலந்த கிளீனர்தான் சரி.

நாய் வளர்ப்பவர்கள் செய்வது வேறு. வேலை முடிந்து வந்து, எப்போதோ நனைந்த தரையைக் காட்டி அதட்டுவார்கள். தண்டனைக்கும் அந்தச் செயலுக்கும் நாயால் முடிச்சுப் போட முடியாது. குற்ற உணர்ச்சி என்று நாம் நினைக்கும் அந்த முகம் பெரும்பாலும் நம் குரலுக்கான பயம்தான். 3 மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவும் முடியாது. குட்டி செருப்பைக் கடிப்பதும் அப்படித்தான்: 4 முதல் 6 மாதம் வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். கடித்து மெல்வதற்கு ஏதாவது கொடுங்கள், செருப்பை உள்ளே வையுங்கள்.

குழந்தையைப் பார்த்து உறுமியதற்காக அடிப்பது இவற்றிலேயே ஆபத்தானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கலாம். இருவரையும் தனியே விடாமல், நாய் ஒதுங்க ஓர் இடம் கொடுத்து, பயிற்சியாளரை அழையுங்கள்.

தும்மல் வந்ததும் பூனையை அனுப்பிவிடுவது கடைசித் தவறு. ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் முடியல்ல. எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். படுக்கையறைக்குள் விடாமல், காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்தாலே சிலருக்கு ஓரளவு குறையும். அதற்கு முன் ஒவ்வாமைப் பரிசோதனை செய்யுங்கள். குற்றவாளி மெத்தையில் வாழும் தூசுப்பூச்சியாகவும் இருக்கலாம்.