பதிப்பகம் மறுத்த நாவலை நாமே நூலாக்குதல்

கதைச்சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் அனுப்பி எட்டு மாதம் காத்திருந்த எனக்கு, 'எங்கள் வெளியீடுகளுக்குப் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. மனம் நோகத்தான் செய்தது. ஆனால் அந்த நோவோடு யாரும் நேரே அச்சகத்துக்குப் போய்விடக் கூடாது. பதிப்பகம் ஏற்றிருந்தால் அதன் செம்மையாக்குநரும் மெய்ப்புப் பார்ப்பவரும் செய்திருக்கக்கூடிய வேலை முழுவதும் இப்போது நம் பொறுப்பாகிவிட்டது.

கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கை இந்த வேலைக்கே ஒதுக்குங்கள். அட்டைக்குச் செலவிட்டுப் பிழைதிருத்தத்தில் மிச்சம் பிடிப்பது, நம் மலேசியத் தமிழ் நூல்களில் நான் அடிக்கடி கண்டு வருந்தும் தவறு. கதையோட்டத்தைப் பார்க்க ஒருவரும், சந்தியையும் ஒற்றையும் பார்க்க வேறொருவரும் வேண்டும்; 'அவனை பார்த்தாள்' என்று தட்டச்சாகியிருப்பதை எழுதியவர் கண் 'அவனைப் பார்த்தாள்' என்றே படித்துக் கடந்துவிடும்.

பக்க வடிவமைப்பில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இன்டிசைன் மென்பொருளில் பல மொழி எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கொ'வின் கொம்பு இடம் மாறி விழும். கணினித் திரையை நம்பாமல் ஒரு மாதிரிப் பிரதியைத் தாளில் அச்சடித்து, அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படியுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எனப்படும் அனைத்துலகத் தர நூல் எண்ணுக்குக் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மின்னூலும் கொண்டுவருவதாக இருந்தால் அதற்குத் தனி எண் வேண்டும். அச்சகத்தார், வெளியீட்டாளர் பெயரும் முகவரியும் நூலில் இடம்பெற வேண்டும். அவற்றைத் தமிழில் மட்டுமின்றி மலாயிலோ ஆங்கிலத்திலோ சேர்த்து அச்சிடுங்கள். நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

எத்தனை பிரதி அடிப்பது என்ற கேள்விக்கு ஒரு தாளில் விடை தேடலாம். வாங்குவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதி எண்ணிப் பாருங்கள். ஆயிரம் அடித்தால் பிரதிக்கு அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தார் சொல்வது உண்மைதான் என்றாலும், விற்காத எழுநூறு பிரதிகள் படிக்கட்டுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்து கறையான் ஏறுவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இலக்கமுறை அச்சில் நூறு, இருநூறு என்று தொடங்கி, தேவைப்படும்போது மறுபடியும் அடித்துக்கொள்ளலாம்.

இங்கே நாவல் பெரும்பாலும் வெளியீட்டு விழாவில்தான் விற்கிறது. ஆகவே நூல் கைக்கு வருமுன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். தீபாவளி, தைப்பூச வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலோ பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளிலோ விற்பனைக்கு வைப்பதாக இருந்தால், அவர்கள் கேட்கும் கழிவை முன்கூட்டியே விசாரித்து, அதையும் சேர்த்தே விலையை முடிவு செய்யுங்கள். வைத்த பிரதிகளுக்குக் கையொப்பமிட்ட ரசீது பெற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் சென்று மீதியை எண்ணிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.