ஹெச். பைலோரி மூச்சுப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிற்றுப்புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்க, எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி தேவையில்லை. கார்பன்-13 (மூச்சில் தனியாக அடையாளம் காணக்கூடிய ஒரு வகைக் கார்பன்) கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, குடிப்பதற்கு முன்பும் பின்பும் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். அந்தக் கார்பன்-13 ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளிவரும்.

ஆக, இங்கே அளக்கப்படுவது கிருமியின் சுறுசுறுப்பு. அதை மந்தமாக்கும் எதுவும் முடிவைக் கெடுக்கும். இதில் முதல் குற்றவாளி, காலையில் வெறும் வயிற்றில் போடும் 'கேஸ் மாத்திரை'. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் கிருமியை ஒழிப்பதில்லை. அடக்கி மட்டும் வைக்கும். அதனால் இருக்கும் கிருமியை 'இல்லை' என்று ரிப்போர்ட் சொல்லிவிடும். பலர் இதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை, அதனால் கேட்டாலும் சொல்வதில்லை. பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே இதை நிறுத்த வேண்டும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் இந்தக் கேஸ் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்பது நல்லது. இடையில் நெஞ்சு எரிந்தால் என்ன போடலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இன்னொன்று: மாத்திரை போட்டும் பாசிட்டிவ் வந்தால், அதைப் பெரும்பாலும் நம்பலாம். சந்தேகப்பட வேண்டியது நெகட்டிவைத்தான்.

ஆன்டிபயாடிக்குக்கு 4 வார இடைவெளி வேண்டும். பல்வலிக்குப் போட்டதும் கணக்கில் சேரும். சிகிச்சை முடிந்த மறுவாரமே 'போய்விட்டதா' என்று ஊதிப் பார்ப்பதும் இதே தவறுதான். அதற்கும் குறைந்தது 4 வாரம் பொறுக்க வேண்டும்.

குணமானதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை செய்வது வீண் செலவு. கிருமி ஒழிந்த பிறகும், அதை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் பல மாதங்கள், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கும். அந்தப் 'பாசிட்டிவ்' பழைய கதை. அதை நம்பி மறுபடி ஒரு சுற்று ஆன்டிபயாடிக் சாப்பிடக் கூடாது.

அப்புறம், லேப் சொன்ன நேரம் வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். காபியும் கூடாது, சிகரெட்டும் கூடாது.

கதிர்வீச்சு பயம் கார்பன்-13-க்குப் பொருந்தாது, அதற்குக் கதிரியக்கமே இல்லை. கார்பன்-14 வகைக்குச் சிறிதளவு உண்டு. கர்ப்பிணிகள் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளட்டும்.

புண்ணிலிருந்து ரத்தம் கசியும் நாட்களில் வரும் நெகட்டிவையும் அப்படியே ஏற்க வேண்டாம். கசிவு நின்று சில வாரம் கழித்து, மீண்டும் ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும்.