அயர்லாந்துப் புராண அரசர்கள்: தகப்பன் யார் என்பதில் நேரும் தவறுகள்

அயர்லாந்தின் பழங்கதைகளைத் தமிழில் எழுதுபவர்கள் பெயரிலேயே முதலில் சறுக்குகிறார்கள். 'மாக்' என்றால் மகன். அடுத்து வருவது எப்போதும் தந்தை பெயர்தான் என்று நம்பி, அல்ஸ்டர் அரசன் கொன்ஹோவர் மாக் நெஸ்ஸாவுக்கு 'நெஸ்ஸா' என்றொரு தகப்பனை உண்டாக்கிவிடுகிறார்கள். நெஸ் அவன் தாய். தந்தையாக ஒரு கதை கத்பத் என்ற ட்ருயிட் பூசகரைச் சொல்லும், இன்னொன்று ஃபக்ட்னா என்ற அரசனை. மகனை அரியணையில் ஏற்றியவளும் நெஸ்தான். மன்னன் ஃபெர்கஸ் அவளைப் பெண் கேட்டபோது, ஓராண்டு தன் மகன் ஆள வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். ஆண்டு முடிந்ததும் அல்ஸ்டர் மக்கள் கொன்ஹோவரையே அரசனாக வைத்துக்கொண்டார்கள். தாய் பெயரை அழித்தால் இந்தக் கதையும் சேர்ந்து அழிந்துபோகும்.

'உடைய' என்ற பொருள் வரும்போது ஐரிஷ் பெயர் உருமாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். நெஸ் நெஸ்ஸா ஆவதுபோல நியால் நேல் ஆகிவிடும். ஆகவே 'மாக் நேல்' என்று கண்டால் தந்தை பெயரை நியால் என்றே எழுதுங்கள். 'ஈ நேல்' என்பது ஒன்பது பிணையாளிகளின் நியால் எனப்படும் அரசனின் வழித்தோன்றல்களைக் குறிக்கும் குலப்பெயர். ஓ'நீல் என்ற குடும்பப் பெயரை இவனிடமிருந்து நேரடியாக வந்ததாக எழுதுவது தவறு. அது அதே குலத்தில் பிறந்து 919இல் போரில் இறந்த இன்னொரு நியாலின் பெயரால் வந்தது.

அடுத்த தவறு, துவாஹா டே டானன் தெய்வக் குலம் நல்லவர்கள், ஃபொமோரியர் அரக்கர்கள் என்று தேவாசுரப் போர்போலக் கோடு கிழிப்பது. இரு தரப்பின் பெரிய பெயர்களிலும் கலப்பு இருக்கிறது. லூக் தந்தை வழியில் துவாஹா டே, தாய் வழியில் ஃபொமோரியன் பாலரின் பேரன். அந்தத் தாத்தாவைப் போரில் கொன்றவனும் அவனே. ப்ரெஸ் இதற்கு நேர்மாறு. தாய் எரியு துவாஹா டே, தந்தை எலாஹா ஃபொமோரிய அரசன். பொன்னிறக் கூந்தலோடு வெள்ளிக் கலத்தில் வந்து இறங்கிய அழகன் அந்தத் தந்தை. போகும்போது, இது எவன் விரலுக்குப் பொருந்துகிறதோ அவனைத் தவிர யாருக்கும் கொடுக்காதே என்று எரியுவிடம் ஒரு பொன் மோதிரம் தந்தான். துவாஹா டே அரசன் நுவாதா போரில் கையிழந்து, அந்த ஊனம் காரணமாக ஆள முடியாமல் போக, ப்ரெஸ் அரசனானான். மக்களைப் பிழிந்தான், பதவி இழந்தான். மோதிரத்தோடு தந்தையிடம் போய்ப் படை கேட்டபோது, தன் அநியாயமே தன்னை இங்கே கொண்டுவந்தது என்று ஒப்புக்கொள்கிறான். அவர்களை ஆள்வதைவிட அவர்கள் செழிப்பாக இருப்பதே மேல் என்று கண்டிக்கிறான் அந்த 'அரக்க'த் தந்தை. இந்த உரையாடலைப் படித்தவர் யாரும் ஃபொமோரியரைக் கறுப்பு மையால் மட்டும் தீட்ட மாட்டார்.

பல தந்தையர் வரும் இடத்தில் ஒருவரை 'உண்மையான தந்தை' என்று தேர்ந்தெடுத்து மற்றவரை வெட்டிவிடுவதுதான் மிகப் பெரிய சேதம். லூகெய்ட் ரியப் டெர்க் என்ற அரசன் நார், ப்ரெஸ், லோஹர் என்ற மூன்று சகோதரர்களுக்கு ஒருசேரப் பிறந்தவன். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, இடுப்பைச் சுற்றி இன்னொன்று. தலை நார் என்பவனைப்போல, உடல் ப்ரெஸைப்போல (மேலே சொன்ன ப்ரெஸ் வேறு), இடுப்புக்குக் கீழே லோஹரைப்போல. பெயரிலேயே அந்தச் சிவப்புக் கோடுகள் உண்டு.

மாவீரன் கூ ஹுலினுக்கும் அப்படித்தான். தெய்வத் தந்தை லூக், மனிதத் தந்தை சுவால்தம். கொன்ஹோவர்மேலும் ஊரார் சந்தேகப்பட்டதாக ஒரு வடிவம் சொல்கிறது. இதற்கு மேல் வளர்ப்புத் தந்தையர் வேறு. அவனை யார் வளர்ப்பது என்று சண்டை வந்து, பேச்சுக் கற்பிக்க செஞ்சா, உணவளிக்க ப்ளாய், காக்க ஃபெர்கஸ், கல்வி தர அமர்ஜின் என்று பொறுப்பைப் பிரித்தார்கள். பிள்ளையை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது பழைய ஐரிஷ் சட்டம் வரையறுத்த வழக்கம். அதை 'தத்து' என்று எழுதாதீர்கள். பிறந்த வீட்டு உரிமை அந்தப் பிள்ளைக்கு அப்படியே இருக்கும்.

மூத்த மகனுக்கே பட்டம் என்றும் எழுதிவிட வேண்டாம். ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண் வழியில் வந்த யாரும் உரிமை கோரலாம்.

கடைசியாக, காலம். கதைகள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய உலகைப் பேசினாலும், கைக்குக் கிடைத்த ஏடுகள் கிறிஸ்தவ எழுத்தர்கள் எழுதியவை. கூ ஹுலின் பிறப்புக் கதை இருக்கும் 'பழுப்புப் பசுவின் ஏடு' சுமார் 1100இல் எழுதப்பட்டது. அரச வம்சாவளியை நோவாவரை கொண்டுபோகும் 'படையெடுப்புகளின் நூல்' தொகுக்கப்பட்டது 11ஆம் நூற்றாண்டில். அதிலுள்ள ஆட்சியாண்டுகளை வரலாற்றுத் தேதிகளாகப் பட்டியல் போடாதீர்கள். தந்தை பெயர் எழுதும்போது எந்த வடிவத்தின்படி என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.