மருந்து வகைகளைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தியல் வகுப்புக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். தவறுகள் மட்டும் பழையவையாகவே இருக்கின்றன. பெயர்க் குழப்பமும் எழுத்துப்பிழையும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயின் பெயரால் மருந்தை அடையாளம் காண்பது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத, என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். எனலாப்ரில், ஃபியூரோசிமைடு இரண்டையும் எடுத்துவரும் முதியவருக்கு மூட்டுவலி வந்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். "ஐபுபுரூஃபென்" என்று ஒரு மாணவி தயங்காமல் சொன்னார். முதல் இரண்டும் இரத்த அழுத்த மாத்திரைகள், இது வலி மாத்திரை, ஆகவே ஒன்றோடொன்று மோதாது என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் மூன்றும் சந்திக்கும் இடம் சிறுநீரகம். அங்கே இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான கிளாமருலஸுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனியை விரிந்த நிலையில் வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்கள். சைக்ளோ-ஆக்சிஜனேஸ் நொதியைத் தடுக்கும் ஐபுபுரூஃபென் அவற்றின் உற்பத்தியைக் குறைப்பதால் அந்த நுண்தமனி சுருங்குகிறது. வெளியேறும் நுண்தமனியைச் சுருக்கி வடிகட்டும் அழுத்தத்தைக் காப்பது ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன். அது உருவாவதை எனலாப்ரில் தடுப்பதால் அந்தப் பக்கம் தளர்ந்துவிடுகிறது. ஃபியூரோசிமைடோ உப்பையும் நீரையும் வெளியேற்றி, இரத்தத்தின் கன அளவையே குறைக்கிறது. உள்மடை அடைபட்டு, வெளிமடை திறந்துகிடந்து, வாய்க்காலில் நீரும் வற்றியிருக்கும்போது வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? வயிற்றுப்போக்கோ வாந்தியோ சேர்ந்து உடலில் நீர் வற்றினால், சில நாட்களிலேயே சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். அந்த நிலை வராதபோதும், ஐபுபுரூஃபென் உடலில் சோடியத்தைத் தேக்கி, இரத்த அழுத்த மருந்தின் பலனைக் குறைக்கும்.

தனித்தனியே கேட்டிருந்தால் அந்த மாணவி மூன்று மருந்துகளின் வகையையும் பிழையின்றிச் சொல்லியிருப்பார். அந்த வகை உடலில் எந்த இடத்தில், எதைத் தடுக்கிறது என்பதைச் சேர்த்துப் படிக்காததே சிக்கல்.

ஒரே வகையில் இரண்டு

ஐபுபுரூஃபெனுடன் அதே வகை வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்தால் நிவாரணம் இரட்டிப்பாகாது. இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் ஏற்படும் அபாயமே கூடும்.

ஒமெப்ரசோலை உணவுக்குப் பின் எடுக்கச் சொல்வது

இரைப்பைச் செல்களில் அமிலத்தைச் சுரக்கும் புரோட்டான் பம்புகள் உணவின்போதே பெருமளவில் இயங்கத் தொடங்குகின்றன. ஒமெப்ரசோல் இயங்கும் பம்புகளை மட்டுமே அடைப்பதால், உணவுக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே சென்றிருக்க வேண்டும்.

பீட்டா தடுப்பான்கள் எல்லாம் ஒன்றென எண்ணுவது

சில பீட்டா தடுப்பான்கள் பெரும்பாலும் இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளையே அடைக்கும்; ப்ரோப்ரனோலாலோ இதயத்தோடு நிற்காமல், மூச்சுக்குழாயை விரிக்கும் பீட்டா-2 ஏற்பிகளையும் அடைத்துவிடும் என்பதால், ஆஸ்துமா உள்ளவருக்கு அதைத் தரக் கூடாது.